கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டை விற்கிறது பற்றிப் போனில் நீ கேட்டதற்குப் "பார்க்கலாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்கம்மா பக்கத்திலேயே இருந்தாள். எழுதினால் கொஞ்சம் கோர்வையாக வரும் என்று தோன்றியது.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் ஓட ஆரம்பித்ததிலிருந்து நம்ம தண்டையார்பேட்டைத் தெருவுக்கே மவுசு. வீடு கேட்டு வருகிறவர்கள் நல்ல விலைதான் சொல்கிறார்கள். ஆனால் வீடு ஆயா பேரில். வாரிசு மூன்று பேர்: நான், உங்கத்தை, உன் சித்தப்பா. போன வாரம் வந்த புரோக்கர், "காணாமப் போனவரை எதுக்கு சார் எழுதறீங்க, ரெண்டு பேர்னு போட்டு வாங்கிடலாம்" என்றான். டீயை முடிக்கவிடாமல் அனுப்பிவிட்டேன். நீ அப்படிக் கேட்கவில்லை, "டெத் சர்டிபிகேட் வாங்கிடுங்கப்பா" என்றுதான் சொன்னாய். அதுவும் கவுண்டரில் போய் வாங்குகிற விஷயம் இல்லை.

சித்தப்பா காணாமல் போனது 1998 ஐப்பசியில். உனக்கு மூன்று வயது. லேத் பட்டறையில் சம்பளம் வாங்கினவன், சைக்கிளை ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டு டோக்கன் வாங்கியிருக்கிறான். அதோடு சரி. அந்த லைனில் இந்தப் பக்கம் போனால் சென்ட்ரல், அந்தப் பக்கம் போனால் கும்மிடிப்பூண்டி, அதையும் தாண்டினால் சூலூர்ப்பேட்டை, ஆந்திரா. எங்கே என்று தேடுவது? புகார் கொடுக்கப் போன இடத்தில் குடிப்பானா, கடன் உண்டா, பொண்ணு விஷயமா என்று கேட்டார்கள். மூன்றுக்கும் இல்லை என்றதும் எழுதிக்கொண்டிருந்தவருக்குச் சுவாரசியம் போய்விட்டது. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் பரவாயில்லை. டோக்கன் இல்லாமல் தரமாட்டேன் என்று முதலில் முறுக்கினார். விஷயம் தெரிந்ததும் ஒரு மாச வாடகையும் வேண்டாம் என்று துடைத்துக் கொடுத்தார்.

அப்புறம் பல வருஷம் எனக்கு ஒரே வேலை. அடையாளம் தெரியாத உடல் வந்தால் கூப்பிடுவார்கள். ஸ்டான்லி பிணவறைக்கு எத்தனை தடவை போனேன் என்று கணக்கில்லை. ரயில் அடித்தவர்களுக்கு முகமே இருக்காது. சித்தப்பாவுக்கு இடது கை சுண்டுவிரலில் மேல் கணு கிடையாது, லேத்தில் போனது. அதனால் "கையை மட்டும் காட்டுங்க" என்பேன். அங்கிருந்த ஊழியர் பழகிப்போய், என்னைப் பார்த்ததுமே துணியை இடது பக்கம் மட்டும் விலக்குவார். ஐந்து விரலும் முழுசாக இருந்தால் வெளியே வந்து ஒரு டீ குடிப்பேன். நிம்மதியாகத்தான் குடிப்பேன். உள்ளே கிடக்கிறவரையும் எவனோ ஒரு அண்ணன் தேடிக்கொண்டிருப்பான் என்று அப்போது உறைக்கவே இல்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி அன்றைக்குத்தான் உறைத்தது. காசிமேட்டு ஜனங்கள் காலையில் தொலைத்தவர்களைத் தேடி அழுதுகொண்டு நிற்கிறார்கள். ஆறு வருஷப் பழைய ஆளைத் தேடி நானும் அந்தக் கூட்டத்தில். வெட்கமாகிவிட்டது, திரும்பி வந்துவிட்டேன்.

ஆயா 2009-ல் போகிறவரைக்கும் ரேஷன் கார்டில் அவன் பேரை அடிக்கவிடவில்லை. 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது, ஆதார் இல்லாததால் பேர் தானாகவே விட்டுப்போனது. அடிக்கிற பாவம் எனக்கு மிச்சம்.

இப்போது வக்கீல் சொன்னது. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அதுவே 111. ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்கெல்லாம் இயல்பாகச் சேதி தெரிந்திருக்குமோ, அவர்கள் ஏழு வருஷமாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இறந்ததைப் பார்த்தேன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தேதியில் இறந்தார் என்றும் சட்டம் தானாக ஊகித்துக்கொள்ளாது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸிடம் எழுதி வாங்கி, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, நான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்களில் மிச்சம் இருப்பது நானும் எர்ணாவூர் அத்தையும்தான். அங்கேதான் ஒரு விஷயம் இடிக்கிறது. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் போன அடுத்த மாசியில், திருவொற்றியூர்க் கோயில் திருவிழா நேரம். நமக்கு அப்போது போன் கிடையாது, மூலை மளிகைக் கடை நம்பர்தான் பி.பி. நம்பர். கடைப் பையன் ஓடிவந்து "உங்களுக்கு எஸ்.டி.டி." என்றான். வெளியூர் போன். செருப்புப் போடாமல் ஓடினேன். ரிசீவரை அரிசி மூட்டை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எடுத்தால் ஒரே இரைச்சல், பஸ் ஸ்டாண்டு மாதிரி. "யாரு?" என்றேன். வைத்துவிட்டார்கள். யார் பேசினது என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அண்ணன் இருக்காரான்னு கேட்டாங்க, உங்க தம்பி குரல் மாதிரிதான் இருந்துச்சு" என்றார். ஆயாவிடம் சொன்னால் அந்தக் கடை வாசலிலேயே குடியிருப்பாள் என்று மறைத்தேன். சரியா தப்பா, இன்னும் தெரியவில்லை.

வக்கீலிடம் இதைச் சொன்னேன். "1999 தானே சார், அதுக்கப்புறமே ஏழு வருஷம் எத்தனை தடவை ஆயிடுச்சு" என்று சிரித்தார். சட்டப்படி சரிதான். இருந்தாலும் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழக்குப் போடலாம், கையெழுத்துப் போடுகிறேன். தீர்ப்பு வந்தாலும் படத்துக்கு மாலை போடச் சொல்லாதே, திதி கொடுக்கச் சொல்லாதே. அவன் பங்கை என்ன செய்வது என்று நீ ஊருக்கு வரும்போது அத்தையையும் வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

விளம்பரத்துக்குப் படம் வேண்டும். உன் காதுகுத்தில் சித்தப்பா உன்னை மடியில் வைத்திருக்கிற படம் உன்னிடம்தானே இருக்கிறது? வாட்ஸ்அப்பில் அனுப்பு. நீ அழுகிறாய் என்று உன்னை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அனுப்பாதே. உன் வயிற்றைச் சுற்றிப் பிடித்திருக்கிறானே, அந்த இடது கை முழுசாகத் தெரிய வேண்டும்.

அப்பா