ஆர்.சி. புக் இல்லாத கார்

பேக்கர்ஸ்ஃபீல்டு, கலிஃபோர்னியா

மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே, இனி உன் முழங்காலுக்கு ஓய்வு கிடையாது. ஊர்க் கோயில் திருப்பணியில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறோம் என்று தெற்குச் சுவர்க் கல்வெட்டை மழுக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் வயிறு எரிந்தது. இங்கே ஒரு காருக்கும் அதே கதி வர இருந்தது, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், ரிட்டயர்டு வெல்டர், ஒரு பழைய டிராக் (drag) ரேஸ் வண்டியின் வெறும் சேஸிஸை வாங்கி வந்தார். கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்க்கோட்டில் இரண்டு வண்டிகள் சீறும் பந்தயம் அது. ஸ்லிங்ஷாட் வகை. டிரைவர் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், டிஃபரன்ஷியலுக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார வேண்டும், என்ஜின் அவர் முகத்துக்கு நேரே. இதற்கு இந்த ஊர் பெரிய பெயர். ஊருக்கு வடக்கே ஃபமோசோவில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், 1959-இல் ஸ்மோக்கர்ஸ் என்ற கிளப் பந்தயம் நடத்தியது. பேர்பெற்ற டிராக் ரேஸர் டான் கார்லிட்ஸ் ஃப்ளோரிடாவிலிருந்து வந்து கலந்துகொண்டார். நாம் காலேஜ் நாளில் ரேஸ் பார்க்க பஸ் பிடித்துப் போன சோழவரமும் அப்படியொரு ஓடுதளம்தானே?

அதே கார்லிட்ஸ்தான் இந்த வண்டிகளுக்கு முடிவும் கட்டினார் எனலாம். 1970 மார்ச்சில் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப் என்ற பந்தயத் தளத்தில் கியர்பாக்ஸ் வெடித்து வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. அடுத்த வருஷமே என்ஜினைப் பின்னால் வைத்த வண்டியோடு வந்து பொமோனாவில் ஜெயித்தார். சில வருஷங்களில் முன் என்ஜின் வண்டிகள் பழைய இரும்பாகிவிட்டன. என்ஜின் வேறு வண்டிக்குப் போகும், மிச்சம் கொட்டகையில் கிடக்கும். சாலையில் ஓடாத வண்டி, ஆர்.சி. புக்கும் கிடையாது. யார் கட்டியது, யார் ஓட்டியது என்று எந்த அலுவலகத்திலும் கேட்க முடியாது.

ஆகவே குழாயைத்தான் கேட்க வேண்டும். பெரியவர் டார்ச் அடித்து, என் விரலைப் பிடித்து இடது கீழ்க் குழாயில் வைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மேடு. குழாயை வெட்டி, உள்ளே இன்னொரு துண்டைச் செருகிப் பற்றவைத்திருக்கிறார்கள், அதாவது வண்டியை நீட்டியிருக்கிறார்கள். அறுபதுகளில் டிராக்ஸ்டர்கள், அதாவது இந்த மாதிரி வண்டிகள், வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போயின. காசிருந்தவன் புதிது கட்டினான், இல்லாதவன் பழையதை நீட்டினான். முன்னால் கிரைஸ்லரின் ஹெமி என்ஜின் உட்கார்ந்த பட்டைகளை அறுத்த தடம், பக்கத்திலேயே செவர்லே என்ஜினுக்காக அவசரத்தில் ஒட்டிய பட்டைகள். சீட்டுக்கு அடியில் கறுப்புப் பெயிண்ட், அதன்கீழ் சிவப்பு, அதற்கும் கீழே நீலம்.

அவர் மகன் என்ன சொன்னான் தெரியுமா? "மொத்தத்தையும் சாண்ட்பிளாஸ்ட் பண்ணி பவுடர் கோட்டிங் கொடுத்துடலாம்பா." எனக்கு உன் தெற்குச் சுவர்தான் ஞாபகம் வந்தது. பெரியவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஆனால் மகன் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெயிண்டுக்கு அடியில் விரிசல் இருந்தால் தெரியாது. கடைசியில் பற்றவைத்த இணைப்புகளை மட்டும் கையால் சுரண்டி, ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்து, விரிசல் பார்ப்பது என்று முடிவாயிற்று. மறுபடி பந்தயத்தில் ஓடும் வண்டியாக இருந்தால் நானே மகன் கட்சிதான்.

ஆளாளுக்குச் சொல்லும் கதையைப் பெரியவர் நம்புவதில்லை. எழுபது தாண்டிய ரேஸர் யாரிடம் காட்டினாலும், "இது என் வண்டி" என்பார். நாலு பழைய குழாயை வைத்துக்கொண்டு மீதியைப் புதிதாகக் கட்டி, ஒரிஜினல் என்று விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அவருக்குப் படம் வேண்டும். ஒரு படம் கிடைத்திருக்கிறது, அதில் வேறு யாரோ போஸ் கொடுக்க, பின்னால் மங்கலாக ஒரு நீல வண்டி. அதன் ரோல்பாரில், அதாவது டிரைவர் தலையைக் காக்கும் வளைவில், வலது தாங்கு குழாய் இடதைவிடக் கொஞ்சம் கீழே சேர்கிறது. கொட்டகையில் இருப்பதும் அப்படித்தான். கட்டியவன் கை செய்த பிசகு. அவர் அதை நேராக்க மாட்டாராம்.

இப்போது 392 ஹெமி என்ஜின் தேடுகிறார். அதன் தலையில் உட்கார, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் 6-71 சூப்பர்சார்ஜர் தயார். அது டீசல் லாரி, பஸ்களில் இருந்த டூ-ஸ்ட்ரோக் என்ஜினின் புளோயர் என்றால் நீ நம்புவாயா? எரிபொருள் நைட்ரோமீத்தேன். கிலோவுக்கு பெட்ரோலின் கால் பங்கு வெப்பம்தான், ஆனால் தன் ஆக்ஸிஜனைத் தானே கொண்டுவருவதால் அதே காற்றில் எட்டு மடங்குக்கும் மேல் எரிக்கலாம். மீட்டெடுத்த வண்டிகளை ஃபமோசோவில் வரிசையாக நிறுத்தி முடுக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் கிடையாது, பின்னாலிருந்து வேறொரு வண்டி தள்ள வேண்டும். கண்ணில் நீர் வழியும், நெஞ்சுக்கூடு அதிரும், ஒருவரும் நகர மாட்டார்கள்.

சரி, உனக்கு ஒரு வேலை. உன் சித்தப்பா சோழவரத்தில் எடுத்த படங்கள் இன்னும் பரணில்தான் இருக்கின்றனவா? ஸ்கேன் செய்து அனுப்பு. நன்றாக விழாத படம் என்று எதையும் ஒதுக்காதே, பின்னால் நிற்கும் வண்டிகளும் எனக்கு வேண்டும். படத்தின் முதுகில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடு. அப்புறம், கல்வெட்டின் பழைய மைப்படி எங்காவது இருக்கிறதா என்று தொல்லியல் துறையில் விசாரித்தாயா?

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே