ஆண்டறிக்கை: பெற்றரி உடைத்த நிலமும் நமது வெட்டிவேர் வரிசைகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வீட்டுத்தோட்டம் செய்யும் அக்காமாரே, அண்ணாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நமது மரக்கறித் தோட்டச் சங்கத்தின் கடந்த ஓராண்டு வேலைகளை இங்கே வாசிக்கிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மழைக்கு மண்மேடு சரிந்து பாதை அடைபட்டதால் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. லீக்ஸ், கரட் விதைகளைப் பொதுவில் வாங்கிப் பங்கிட்டோம். கோழி எரு விலை ஏறியதைப் பற்றிப் பொருளாளர் சொல்லுவார். நான் அதிகம் பேச வேண்டியது லய வீடுகளுக்குக் கீழே கிடக்கும் அந்தத் துண்டு நிலத்தைப் பற்றித்தான்.

பழைய பெற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்த கொட்டில் அங்கே இருந்தது எல்லோருக்கும் தெரியும். கொட்டில் போய்க் காலமாகிவிட்டது. நிலம் சும்மா கிடக்கிறதே, கீரைப் பாத்தி போடலாமே என்று உறுப்பினர் சிலர் கேட்டார்கள். முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று குழு முடிவெடுத்தது. ஈயம் மிக அதிகம் என்று பதில் வந்தது. ஈயம் மக்கிப் போகிற பொருள் இல்லை. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது அது. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பயமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் வயசுப் பிள்ளைகள் அந்த நிலத்துக்குப் பக்கத்து லயத்திலேயே இருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் இளைஞர்கள் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள்: சூரியகாந்தி நட்டால் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிடும், அணு உலை வெடித்த செர்னோபிலில் அப்படிச் செய்தார்களாம் என்று. அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1990களில் செர்னோபில் பக்கத்துக் குளமொன்றில் சூரியகாந்தியை மிதக்கவிட்டுத் தண்ணீரிலிருந்து சீசியம், ஸ்ட்ரொன்சியம் என்ற கதிரியக்கப் பொருள்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அது தண்ணீர், நமக்கு மண். ஈயம் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். செடிக்குள் போவதும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும்.

கணக்குப் போட்டும் காட்டினோம். ஒரு பேர்ச் (சுமார் 25 சதுர மீற்றர்) நிலத்தின் மேல் 20 சென்ரிமீற்றர் மண் ஏறத்தாழ ஆறரைத் தொன் வரும். கிலோவுக்கு 1 கிராம் ஈயம் இருப்பதாக வைத்துக்கொண்டால் அதற்குள் ஆறரைக் கிலோ ஈயம். நல்ல விளைச்சலில் ஒரு பேர்ச்சில் வருடத்துக்கு 25 கிலோ காய்ந்த தழை கிடைக்கலாம். அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் ஏறினால்கூட வெளியே போவது இரண்டரைக் கிராம்தான். அவ்வளவையும் எடுத்து முடிக்க 2,600 வருடம் வேண்டும். கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. மண்ணில் மருந்து ஊற்றி ஈயத்தை இளக்கிக் கடுகுச் செடியில் ஏற்றும் வழியும் ஒன்று உண்டு. இளகிய ஈயம் செடிக்கு மட்டும் போகாது, நிலத்தடி நீருக்கும் இறங்கும். நமக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் பீலி இருக்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

செடி உறிஞ்சுவது எல்லாமே கட்டுக்கதை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய சுண்ணாம்புச் சுவர்களில் முளைக்கும் பன்னம் ஒன்று ஆசனிக்கைத் தன் இலையில் ஏராளமாகச் சேர்க்கிறது என்பதை 2001இல் புளோரிடா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம் நாட்டிலேயே, தெற்குக் கரையில் உள்ள உஸ்ஸங்கொடையின் செம்மண்ணில் வளரும் ஓரிதழ் தாமரை நிக்கலைச் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு செடிக்கும் அதற்கென்று ஓர் உலோகம். ஈயத்துக்கு அப்படி நம்பிக்கையான செடி நம் கைக்கு வரவில்லை.

ஆகவே ஈயத்தை வெளியே எடுப்பதை விட்டு, இருந்த இடத்திலேயே கட்டிப்போடுவது என்று தீர்மானித்தோம். நம் தேயிலை மண் புளிப்பு மண். புளிப்பை அளக்கும் பீஎச் எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்; தேயிலை விரும்புவது பீஎச் 4.5 முதல் 5.5 வரை, அந்தப் புளிப்பில் ஈயமும் கட்மியம் என்ற நச்சு உலோகமும் எளிதில் இளகும். அதனால் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்பு போட்டோம், கூட்டெருவைக் கனமாகப் பரப்பினோம். மழை தொடங்கியதும் சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேர்த் தூர்களை நெருக்கமாக நட்டோம். வெட்டிவேர் 3 மீற்றர் வரை நேராகக் கீழே இறங்கும், ஈயத்தை இலைக்கு அதிகம் ஏற்றாமல் வேரில் வைத்துக்கொள்ளும். முக்கியமாக, மண் கழுவிக்கொண்டு கானுக்கும் அங்கிருந்து ஓயா ஆற்றுக்கும் போவதைத் தடுக்கும். சிரமதானத்துக்கு வந்த எல்லோருக்கும் நன்றி. கொழுந்து எடுத்துவிட்டுக் களைப்போடு வந்து தூர் பிரித்துக் கொடுத்த அக்காமாருக்கு விசேடமாக.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெட்டிவேர் என்றாலே நாம் பானைத் தண்ணீரில் போடுகிறவர்கள், குளியல் எண்ணெயில் ஊற வைக்கிறவர்கள். அந்த நிலத்து வேரை யாரும் தோண்டக் கூடாது. ஈயம் தங்கியிருப்பதே அந்த வேரில்தான். வாசனையை வைத்து எது நல்ல வேர், எது கெட்ட வேர் என்று கண்டுபிடிக்க முடியாது, விற்றால் வாங்குகிறவருக்கும் தெரியாது. புல்லையும் மாட்டுக்கு அறுக்க வேண்டாம், அதில் அந்த மண்ணின் தூசி ஒட்டியிருக்கும். வெட்டுகிற இலையை அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடுவோம்.

மற்றத் தோட்டங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நின்றது. பெரிய ரோட்டை ஒட்டிய பாத்திகளில் அந்தப் பழைய ஈயம் இன்னும் இருக்கலாம். 1946இல் கொழுந்தில் கொப்புளம் போடும் நோய் வந்த பிறகு தேயிலைக்குச் செம்பு மருந்து அடித்துவந்தார்கள், அந்தச் செம்பு மண்ணில் தங்கியிருக்கலாம் என்பதைப் பழைய தேயிலை நிலத்தை மரக்கறிக்குத் திருப்பியவர்கள் நினைவில் வைக்க வேண்டும். பொஸ்பேற்று உரத்தோடு கட்மியமும் கொஞ்சம் வரும். கீரை வகை அதை இலையில் சேர்க்கும், போஞ்சி போன்ற காய்களில் குறைவு. உரம் கூடினால் விளைச்சல் கூடும் என்று அள்ளிப் போடும் பழக்கத்தை நாம் விட்டே ஆக வேண்டும்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளைச் சபை முன் வைக்கிறேன். அந்த நிலத்தைச் சுற்றி வேலி போடவும் தமிழிலும் சிங்களத்திலும் பலகை வைக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். பக்கத்து லயத்துப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு நம் எல்லோரின் கையெழுத்தோடும் கடிதம் போக வேண்டும், தாள் மேசையில் இருக்கிறது. ரோட்டோரத் தோட்டங்களின் மண்ணைப் பரிசோதிக்கும் செலவில் பாதியைச் சங்கம் ஏற்க வேண்டும். இந்த அறிக்கையை ஏற்று, கோரிக்கைகளை வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்