நகத்தைத் தின்றாலும் அதே பலன்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

விலங்குகளை வைத்துச் செய்யும் நாட்டு மருந்து பற்றி வாசகர் கடிதங்களில் நடக்கும் சண்டையைப் படித்து வருகிறேன். எல்லாமே மூடநம்பிக்கை என்கிறார் ஒருவர், முன்னோர்கள் என்ன முட்டாள்களா என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை.

எறும்புத்தின்னியின் செதில், காண்டாமிருகத்தின் கொம்பு இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம்தான், நம் நகமும் முடியும் அதேதான். காய்ச்சலுக்குக் கொம்புப் பொடி குடிக்கிறவர் தன் நகத்தைக் கடித்துத் தின்றால் செலவாவது மிச்சம். பாவம் எறும்புத்தின்னி, ஆபத்து என்றால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிங்கம் கடித்தாலும் பல் இறங்காது, மனிதனோ அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுகிறான். அதன் எட்டு இனங்களையும் வெளிநாடுகளுக்கு விற்க 2017-லிருந்து தடை. தன் மருந்துக் கையேட்டில் தனி மருந்தாக இருந்த செதிலைச் சீனாவே 2020-ல் எடுத்துவிட்டது. கடத்தல் மட்டும் நிற்கவில்லை.

சரி, எல்லாமே பொய்யா? அதுவும் இல்லை. கரடிப் பித்தத்தில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறது. அதிலுள்ள அர்சோடியாக்சிகோலிக் அமிலம் சிலவகைப் பித்தப்பைக் கற்களைக் கரைக்கும், சில ஈரல் நோய்களுக்கு டாக்டர்களே அதை எழுதித் தருகிறார்கள். ஆனால் அந்த மாத்திரைக்குக் கரடி தேவையே இல்லை, இறைச்சிக்கூடத்தில் மிஞ்சும் மாட்டுப் பித்தத்திலிருந்தே தயாரிக்கிறார்கள். அப்படியிருந்தும் திரும்பிப் படுக்கக்கூட இடமில்லாத கூண்டில் கரடியை வருஷக்கணக்கில் அடைத்து, வயிற்றில் ஓட்டை போட்டுப் பித்தம் வடிக்கும் பண்ணைகள் இன்றும் இருக்கின்றன. அந்தப் புண்ணை ஆறவே விடமாட்டார்கள், ஆறினால் வரவு நின்றுவிடுமே. சீழ் பிடித்த புண்ணிலிருந்து வடிவதைத்தான் யாரோ ஒருவர் மருந்தென்று குடிக்கிறார்.

அட்டை விஷயம் வேறு. துண்டான விரலை ஒட்டித் தைத்தபின் அங்கே தேங்கும் ரத்தத்தை உறிஞ்ச, இதற்கென்றே வளர்த்த அட்டையைத்தான் விடுகிறார்கள். அமெரிக்காவில் 2004-லேயே இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. பழைய வைத்தியம்தான், ஆனால் எதற்கு உதவும் எதற்கு உதவாது என்று பார்த்துவிட்டு வைத்துக்கொண்டார்கள்.

ஆங்கில மருந்திலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. எத்தனை யூனிட், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் அதோடு வரும் தாளிலேயே அச்சிட்டிருக்கும். கொம்புப் பொடிப் பொட்டலத்தில் இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்