பெயரில் தொடங்காதீர்கள், எண்ணில் தொடங்குங்கள்: நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களைத் தேடுவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வேலூர், ஆரணி, செய்யாறு பக்கம் ஊர் ஊராக அலைகிறவர்களை உங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது ஒரு பெயரும், சரியாக உச்சரிக்க வராத ஓர் ஊர்ப்பெயரும்தான். “எங்கள் பூட்டன் முனுசாமி இந்த ஊரிலிருந்து கப்பலேறினார், சொந்தக்காரர்கள் யாராவது உண்டா?” என்று டீக்கடையில் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு மனம் கனத்துத் திரும்புகிறார்கள். இந்தத் தேடல் தொடங்க வேண்டிய இடம் தென்னாப்பிரிக்காவில் பழைய நேட்டால் காலனி இருந்த பகுதியின் நகரங்களான டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும். அங்கேயும் பெயரை வைத்துத் தொடங்கினால் வழி தவறிவிடும். முதலில் கண்டுபிடிக்க வேண்டியது காலனி எண்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை, குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்யும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள், மற்றவர்கள் கல்கத்தா வழியாக. வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து, ஒரு தொடர் எண் கொடுத்தார்கள். அதுதான் காலனி எண். சம்பளம், கல்யாணம், புகார், ஊர் திரும்புதல், சாவு என்று அந்த மனிதரைப் பற்றி அரசாங்கம் எழுதிய எதிலும் பெயரோடு அந்த எண் ஒட்டிக்கொண்டே வரும். பெயரை எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். எண்ணை அப்படி எழுத முடியாது.

எண்ணே ஓரளவு காலத்தையும் சொல்லிவிடும். 1860 முதல் 1866 வரை வந்தவர்கள் 6,445 பேர். அப்போது நேட்டாலில் பொருளாதாரம் படுத்துவிட்டதால் ஆள் எடுப்பது நின்றது, மறுபடி 1874இல்தான் தொடங்கியது. ஆகவே எண் ஆறாயிரத்துச் சொச்சத்துக்குள் இருந்தால் அவர் முதல் அலையில் வந்தவர். அதற்கு மேல் என்றால் 1874க்குப் பிறகு. தாத்தா ‘முதல் கப்பலில்’ வந்தார் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். எண் 80,000க்கு மேல் இருந்தால் அந்தப் பேச்சை மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிட்டுத் தேடலாம்.

எண் எங்கே கிடைக்கும்? வீட்டுத் தகரப்பெட்டியில். பழைய பிறப்பு, இறப்புச் சான்றுகளின் ஓரத்தில் தாய் தகப்பன் எண்கள் இருக்கும். புரொடெக்டர் அலுவலகம், அதாவது இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகம், கொடுத்த திருமணச் சான்று கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை: மாப்பிள்ளை, பெண் இருவர் எண்களும் தகப்பன்மார் பெயர்களும் ஒரே தாளில் வந்துவிடும். காகிதத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியதுபோல் தெரியும் ஐந்தாறு இலக்கம்தான் பல வீடுகளில் திறவுகோல். மூன்று பவுன் வரி கட்டிய லைசென்ஸ் அகப்பட்டால் இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. அந்த வரி 1895ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டத்தால் வந்தது. சட்டம் வந்த பிறகு ஒப்பந்தமாகி, காலம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் தங்கியவர்கள் ஆண்டுதோறும் கட்டினார்கள். 16 வயது தாண்டிய பையன்களையும் 13 வயது தாண்டிய பெண்பிள்ளைகளையும்கூட அது விடவில்லை. 1914இல் ஒழிந்தது. ஆக, லைசென்ஸ் உள்ள குடும்பத்தார் 1860களின், 1870களின் பட்டியல்களைப் புரட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வீட்டில் காகிதமே இல்லை என்பவர்கள் நிறையப் பேர். இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் பெயர்த்து எறியப்பட்டபோது பெட்டிகள் தொலைந்தன. அப்படிப்பட்டவர்கள் கடைசியில் இறந்தவரிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாஸ்டர் அலுவலகத்தின் வாரிசுச் சொத்துக் கோப்புகளில் ‘டெத் நோட்டீஸ்’ என்ற படிவம் இருக்கும். இறந்தவரின் பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், துணைவர், பிள்ளைகள் எல்லாம் அதில் ஒரே பக்கத்தில் வரும். 1846 முதல் 1950 வரையிலான அந்தக் கோப்புகளின் படங்கள் ஃபேமிலி செர்ச் இணையதளத்தில் இருக்கின்றன. சொத்து இல்லாதவருக்குக் கோப்பு இருக்காதே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு சிறு குத்தகை நிலமோ கொஞ்சம் சேமிப்போ இருந்தவர்களுக்கும் கோப்பு உண்டு. ஆனால் படிவத்தில் உள்ள வயதையும் பிறந்த ஊரையும் சொன்னவர் இறந்தவரல்ல, மகனோ மருமகனோதான். ‘பிறந்த இடம்: மெட்ராஸ்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் கப்பலேறிய ஊர்.

எண் கையில் வந்த பிறகு கப்பல் பட்டியலுக்குப் போகலாம். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் பிரதிகள் உண்டு. பேராசிரியர் ஜாய் பிரெய்ன் முன்னின்று கணினியில் ஏற்றிய பட்டியலால்தான் இன்று சில நிமிடங்களில் தேட முடிகிறது. அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் தட்டச்சுப் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது, மூலப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய கையெழுத்தில் ‘என்’னும் ‘யூ’வும் ஒன்றுபோல் இருக்கும். பார்த்து எழுதியவர் தமிழறியாதவர் என்றால் பெயரே மாறிப்போகும். கப்பல் பெயரோடு பயண எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உம்லாசி, பொங்கோலா, காங்கெல்லா, உம்சிண்டோ போன்ற கப்பல்கள் திரும்பத் திரும்ப வந்தவை. பட்டியலில் கப்பல் பெயருக்குப் பக்கத்தில் ரோமன் இலக்கத்தில் இருப்பது அது எத்தனையாவது நடை என்பதைக் காட்டும்.

பட்டியலின் ஒரு வரியை வைத்துப் பார்ப்போம். வரி கற்பனைதான், அமைப்பு உண்மையானது. எண். பெயர் ‘மூன்சாமி’. தகப்பன் பெயர் ‘வீரப்பன்’. வயது 24. ஆண். சாதி. ஜில்லா ‘நார்த் ஆர்காட்’. தாலுகா ‘போலூர்’. ஊர் ‘கலம்பூர்’. உயரம் 5 அடி 4 அங்குலம். உடல் அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. பிறகு வேலைக்கு எடுத்துக்கொண்டவர் பெயர், குறிப்பு. இதைத் தமிழ்க் காதோடு படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. ன, ண, ந மூன்றுக்கும் ஒன்று. தகரமும் டகரமும் ஒன்றாகிவிடும். நாம் ஒரே எழுத்தில் எழுதும் க-வுக்கோ அவர்களிடம் இரண்டு மூன்று. எனவே ‘போலூர்’ என்பது போளூர், ‘கலம்பூர்’ அந்தத் தாலுகாவின் களம்பூர். மூன்சாமி நம் முனுசாமி. ஏழுமலையை ஈ, ஒய், ஐ என்ற மூன்று எழுத்துகளிலும் தேட வேண்டும். குப்புசாமியைக் கே-யிலும் சி-யிலும், வீராசாமியை வி-யிலும் டபிள்யூ-விலும் பார்க்க வேண்டும். கிருஷ்ணன் கிஸ்டனாகியிருப்பார். பெண்கள் பெயரில் ‘அம்மாள்’ பெரும்பாலும் பாதியில் அறுந்திருக்கும்.

ஜில்லா, தாலுகா எல்லைகளில்தான் ஆகப் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. பட்டியலில் உள்ளது கப்பலேறிய காலத்து எல்லை. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். ‘வட ஆற்காடு’ என்று பார்த்ததும் வேலூரில் இறங்குகிறவர் தேடும் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். திருவண்ணாமலை தாலுகா அன்று தென் ஆற்காட்டைச் சேர்ந்தது. திருப்பத்தூர் சேலம் ஜில்லாவில் இருந்தது. தாலுகா பெயர் இல்லாமல் புதூர், நல்லூர், பாளையம் என்று மட்டும் இருந்தால் நூறு ஊர் வரும். தாலுகா பத்தியை விட்டுவிட்டு ஊர்ப் பத்தியை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு உதவவே முடிவதில்லை.

குடும்பப் பெயர் இன்னொரு வலை. கப்பலில் வந்தவருக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது, தன் பெயரும் அப்பா பெயரும்தான். நேட்டாலில் பிள்ளைகளைப் பதிந்தபோது தகப்பன் பெயரே கடைசிப் பெயராக உறைந்துவிட்டது. அண்ணனுக்கு அப்பா பெயர், தம்பிக்குத் தாத்தா பெயர், மூன்றாமவருக்குப் பிள்ளை என்றோ நாயுடு என்றோ பட்டப்பெயர். கூடப் பிறந்தவர்களே மூன்று குடும்பப் பெயரில் இருப்பது அங்கே சாதாரணம். கவுண்டர் ‘கவண்டர்’ போலவும், முதலியார் ‘மூட்லி’ என்றும், படையாட்சி ‘படையாச்சி’ என்றும் எழுத்து மாறி நின்றன. கப்பல் பட்டியலின் சாதிப் பத்தியில் இருப்பதும் இன்றைய குடும்பப் பெயரும் பொருந்தவில்லை என்று அந்தப் பதிவையே ‘நம்முடையதல்ல’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒப்பந்தம் முடிந்து சொந்தக் காலில் நின்றவர் தனக்கு ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார் என்றால் அது அவர் வாழ்க்கையின் ஒரு பகுதி, மறைக்க வேண்டிய குறையல்ல. எண் பொருந்துகிறதா, மனைவியின் எண் பொருந்துகிறதா, முதலாளி பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்றில் இரண்டு பொருந்தாமல் ஒரு முனுசாமியை நம் முனுசாமி என்று முடிவு கட்டக் கூடாது. ஒரே கப்பலில் பல முனுசாமிகள் இருப்பார்கள்.

பட்டியலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது ஒருவர் வந்து இறங்கிய ஒரு நாள் மட்டுமே. முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் சம்பளத்துக்கு வேலை தொடங்கியவர் அடுத்த முப்பது வருடம் என்ன பாடுபட்டார் என்பது பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில், ‘ஐ ஐ’ (II) என்று குறியிடப்பட்ட இந்தியக் குடியேற்றக் கோப்புகளில் இருக்கிறது. அடித்தார்கள் என்ற புகார், முதலாளியை மாற்றக் கோரிய மனு, மனைவியை வேறு தோட்டத்திலிருந்து அழைத்துக்கொள்ள அனுமதி, ஊருக்குப் பணம் அனுப்பியது, காலனியை விட்டு வெளியேறப் பாஸ். 1894இல் பல் உடைந்து ரத்தம் வழிய, கையில் தலைப்பாகையோடு காந்தியின் அலுவலகத்துக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரம் வேறு முதலாளியிடம் மாற்றப்பட்டதை எல்லோரும் அறிவோம். அவரைப்போலப் புரொடெக்டரின் கதவைத் தட்டிய பெயர் தெரியாத பலரின் குரல் அந்தக் கோப்புகளில் கிடக்கிறது.

கோப்பை எடுக்க நாயர்ஸ் (NAAIRS) என்ற தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணத் தேடுபட்டியலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ‘என் ஏ பி’ (NAB) என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரை மட்டும் தேடாமல் எண்ணையும் முதலாளி பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள். பழைய கோப்புகளின் தலைப்பில் ‘கூலி’ என்ற சொல் இருக்கும். மனம் கசந்தாலும் அந்தச் சொல்லையும் போட்டுத் தேடித்தான் ஆக வேண்டும். பதில் வந்ததும் மூலம், வால்யூம், சிஸ்டம், ரெஃபரன்ஸ் என எல்லா வரிகளையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வகை என்ற இடத்தில் ‘லியர்’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம், ஆஃப்ரிகான்ஸில் அதற்குக் கோப்பு என்று பொருள். தலைப்பை மட்டும் சொல்லிக் கேட்டால் வாசிப்பறையில் எடுத்துத் தர வழியில்லை.

பட்டியலில் பெயரே இல்லாதவர்களும் உண்டு. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் அதில் வரமாட்டார்கள். மொரிஷியஸில் ஒரு தலைமுறை இருந்துவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்களும் அப்படியே. தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் காந்தியோடு நின்ற தம்பி நாயுடுவே மொரிஷியஸில் பிறந்தவர்தான். மொரிஷியஸ் வழி வந்த குடும்பத்தார் அந்நாட்டின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களைப் பார்க்க வேண்டும். அங்கே புகைப்படப் பதிவேடுகளும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. ட்ரூரோவிலேயே கிறிஸ்தவர்கள் வந்தார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் பிறப்புச் சான்று கேட்டுத் தாலுகா அலுவலகத்தில் காத்திருப்பதில் பயனில்லை. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல்தான் வந்தது. அதைவிட உறுதியான சாட்சி குலதெய்வம். டர்பனில் மொழியை மறந்த வீடுகளிலும் ஆடி மாதம் கும்பிடும் தெய்வத்தின் பெயரை ஆயா சொல்லிக் கொடுத்திருப்பார். பட்டியலில் உள்ள ஊரின் எல்லையில் அதே பெயரில் கோயில் இருந்து, ‘இந்த வகையறாவில் ஒருவர் நேட்டாலுக்குப் போய்விட்டார்’ என்ற பேச்சும் அங்கே இருந்தால், அதற்குப் பிறகு பந்தத்தைப் பற்றிப் பேசலாம்.

இந்தக் கடிதம் தங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான். ஊர்ப்பெயர்களைப் பிரித்துப் படிக்க டர்பனில் உள்ளவர்களால் முடிவதில்லை. தமிழ் எழுத்துத் தெரிந்தவர்கள் அங்கே குறைந்துபோனார்கள். உங்கள் வாசகர்களோ அந்தந்தத் தாலுகாவிலேயே இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, கப்பல் பட்டியலில் உள்ளபடியே ஜில்லா, தாலுகா, ஊர், ஆண்டு ஆகிய நான்கை மட்டும் வெளியிடுங்கள். ஆள் பெயரும் சாதியும் வேண்டாம். ‘இது எங்கள் ஊர், இன்று இப்படி எழுதுகிறோம்’ என்று போளூரிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ ஓர் அஞ்சலட்டை வந்தால், கடலுக்கு அப்பால் ஒரு குடும்பம் இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம் எது என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்