கேட்ட நாளில் இருந்துதான் கணக்கு

மார்த்தாண்டம்

அன்புள்ள மகளே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. உன்னோடு ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்த பையன், அதே ஜெர்மனி ஆஸ்பத்திரி, அதே வார்டு, அதே நைட் டூட்டி. அவனுக்கு மாதம் 400 யூரோ கூடுதல். "அவன் பேசி வாங்கினான்ப்பா, நான் கேட்கல, என் தப்புதான்" என்றாய். உன் தப்பு இல்லை மக்களே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மையின் கையை நினைத்துப் பார். 22 வருஷம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தல்லி உடைத்த கை. சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் தோட்டு எண்ணெய் விரலைத் தின்றுவிடும். இன்றைக்கும் ரேஷன் கடை மெஷின் அவள் பெருவிரல் ரேகையை எடுக்காது. வறுக்கிற ஆணுக்கு நாள் கூலி, தல்லுகிற பெண்ணுக்குக் கிலோ கணக்கு. தராசிலும் அடிப்பார்கள். குழித்துறை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக ஊருக்கெல்லாம் மனு எழுதின நான், அவளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

பயப்படாமல் கேட்ட ஒருத்தியைச் சொல்கிறேன். பெல்ஜியத்தில் கப்ரியேல் டெஃப்ரென் என்று ஒரு விமானப் பணிப்பெண். சபேனா விமானத்தில் ஆண் பணியாளர் செய்த அதே வேலை, ஆனால் சம்பளம் குறைவு. 40 வயசானால் பெண்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து போட்ட 1957 ரோம் ஒப்பந்தத்தின் 119-ஆம் பிரிவு, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று சொல்லியிருந்தது. பெண்கள்மேல் இரக்கப்பட்டு எழுதின வரி இல்லை அது. பிரான்சில் ஏற்கெனவே சமச் சம்பளச் சட்டம் உண்டு. பக்கத்து நாடுகள் பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்துச் சரக்கை மலிவாக விற்றுவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். ஒப்பந்தத்தில் ஏறின வரியை அரசுகள் அப்படியே தூங்கவிட்டன. இந்தப் பெண் 12,716 பிராங்க் சம்பளப் பாக்கி கேட்டுப் போனாள். எலியான் வோகல்-போல்ஸ்கி என்ற பெண் வக்கீல் கூட நின்றார்.

பிரஸ்ஸல்ஸ் தொழிலாளர் மேல்கோர்ட் தீர்ப்பு சொல்வதற்கு முன்னால், சட்டக் கேள்வியை மட்டும் எழுதி லக்சம்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. நம்ம சிவில் நடைமுறைச் சட்டம் 46-ஆவது ஆர்டரில் ரெபரன்ஸ் இருக்கிறதே, அது மாதிரி. என் சர்வீசில் அப்படி ஒரு வழக்குக் கட்டைக்கூடப் பார்த்ததில்லை. அங்கே அது வழக்கமான காரியம். பதில் வந்தபிறகு, அதற்குக் கட்டுப்பட்டு அந்த ஊர் நீதிபதியே தீர்ப்பு எழுதுவார். (மனித உரிமைக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் இருப்பது வேறு கோர்ட். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.) உள்ளூர் கோர்ட்டில் ஒருத்தி எழுப்பின கேள்வி, அன்றைக்கு ஐரோப்பியக் கூட்டமைப்பில் இருந்த 9 நாடுகளின் சட்டத்தையும் அசைத்தது இந்த வழியில்தான்.

1976 ஏப்ரல் 8-ஆம் தேதி பதில் வந்தது: 119-ஆம் பிரிவைத் தொழிலாளி நேரடியாகக் கோர்ட்டில் காட்டலாம், தனியார் முதலாளிக்கு எதிராகவும். ஆனால் செலவு தாங்காது என்று பிரிட்டனும் அயர்லாந்தும் முறையிட்டிருந்தன. அதனால் தீர்ப்புக்கு முந்தின பாக்கி, அதற்குள் வழக்கோ அதற்கு ஒத்த கோரிக்கையோ போட்டவர்களுக்கு மட்டும்தான் என்று கோர்ட் எல்லை கட்டியது. காத்திருந்தவர்களுக்குப் பழைய பாக்கி ஒரு காசு கிடையாது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்த இடம் வலிக்கிறது.

நம்ம ஊருக்கும் இது தெரிந்த வலிதான். பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தில் திருவிதாங்கூர் ராஜா இரங்காதபோது, அதற்கு மேலே மதராஸ் கவர்னர் வரைக்கும் முறையீடு போனது. 1859 ஜூலையில் உத்தரவும் வந்தது. அதிலும் எல்லை கட்டினார்கள்: மேலே துணி போடலாம், மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாது. இருந்தாலும் கேட்டதால்தான் அதாவது வந்தது.

இனி உன் விஷயம். 2023 பிப்ரவரி 16 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு அடிப்படைச் சம்பளம் 3,500 யூரோ, அதே வேலைக்கு ஆணுக்கு 4,500. அவன் நன்றாகப் பேரம் பேசினான் என்று முதலாளி சொன்னார். அந்தக் காரணம் செல்லாது என்று சொல்லி, வித்தியாசத்தையும் மேற்கொண்டு 2,000 யூரோ இழப்பீடும் கொடுக்க வைத்தார்கள். டெஃப்ரென் கேட்ட அதே பிரிவு, இப்போது 157 என்ற எண்ணில் இருக்கிறது. அதுதான் இந்தத் தீர்ப்புக்கும் அடிப்படை.

உன் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார். இத்தனை மாதத்துக்குள் எழுத்தில் கேட்காத பாக்கி போய்விடும் என்று ஒரு வரி இருக்கலாம். அங்கே அப்படிப் போடுவது சாதாரணம். அதனால் வாயால் கேட்காதே. எழுது, தேதி போடு, நகல் வைத்துக்கொள். கொடுப்பதற்கு முன்னால் வெர்டி தொழிற்சங்கத்தில் ஒரு தடவை காட்டிவிடு.

ஜெர்மனில் எழுதத் தயக்கமாக இருந்தால் முதலில் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு. சேர்ந்த தேதி, செய்கிற வேலை, அவனுக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு என்று வரிசைப்படுத்தித் தருகிறேன். சம்பளச் சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பும்போது முதல் மாதத்துச் சீட்டை விட்டுவிடாதே.

அப்பா