ஒரு நாணயத்துக்கு இரண்டு விலை

ஆசிரியருக்கு,

வணக்கம். நாணய சேகரிப்பாளர்கள் எப்போது விற்கிறார்கள், எதை விற்க மறுக்கிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தங்கம், வெள்ளி விலை ஏறும்போது விற்றுவிடுவதே புத்திசாலித்தனம் என்று அது முடிகிறது. வெள்ளிக் கட்டி வைத்திருப்பவருக்கு அது முழுக்கச் சரி. நாணயம் வைத்திருப்பவருக்குப் பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் பலர் நல்ல காசைக் கைவிட்டு, வேண்டாததை வைத்துக்கொள்கிறார்கள்.

எந்த நாணயத்துக்கும் இரண்டு விலை உண்டு. உருக்கினால் கிடைப்பது ஒன்று, இன்னொரு சேகரிப்பாளர் கொடுப்பது மற்றொன்று. முதலாவதைக் கணக்கிட, எடையைத் தூய்மையால் பெருக்கினால் போதும். பிரிட்டிஷ் சவரின் 7.99 கிராம், 22 காரட். அதில் தூய தங்கம் 7.32 கிராம். அமெரிக்க மார்கன் டாலர் 26.73 கிராம், 90 சதவீத வெள்ளி. தூய வெள்ளி சுமார் 24 கிராம். சந்தை நிலவரம் தங்கம், வெள்ளிக்கான ட்ராய் அவுன்சில் வந்தால் 31.1-ஆல் வகுத்துக் கிராம் விலையை எடுக்க வேண்டும். சாதாரண அவுன்சு என்று நினைத்து 28.35-ஆல் வகுப்பவருக்குக் கணக்கு பத்து சதவீதம் தப்பிவிடும்.

ஆண்டைப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடவே கூடாது. பிரிட்டிஷ் வெள்ளிக் காசுகளில் 1919 வரை 92.5 சதவீதம் வெள்ளி. 1920 முதல் 1946 வரை 50 சதவீதம். 1947-லிருந்து புழக்கக் காசில் வெள்ளியே கிடையாது. பிரிட்டிஷ் இந்திய ரூபாயும் 1940-ல் 91.7 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்கியது. ஆனால் எடை அதே 11.66 கிராம்தான், தராசில் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது விலைக்கு இப்படி ஒரு சூத்திரம் இல்லை. ஆனால் உலோக விலை ஏறும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லிவிடலாம். தேய்ந்த, எங்கும் கிடைக்கிற வெள்ளிக் காசின் விலை உலோகத்தோடு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அரிய ஆண்டுக் காசு பெரும்பாலும் அசையாது, ஏனென்றால் அதன் விலையில் வெள்ளியின் பங்கு சொற்பம். ஆகவே உலோகம் உச்சத்தில் இருக்கும்போது விற்க வேண்டியது முதல் வகையை மட்டும். இரண்டு வகையையும் ஒரே பையில் போட்டு எடைக்குக் கொடுப்பதுதான் நஷ்டம். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்சுக்கு 50 டாலரை ஒட்டிப் போனது. மார்ச் கடைசியில் அதில் பாதிகூட இல்லை. அந்த அவசரத்தில் பிரித்துப் பார்க்காமல் உலைக்குப் போனவை ஏராளம். அதற்கு முன்பே 1918-ன் பிட்மன் சட்டத்தின்கீழ் 27 கோடி அமெரிக்க வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டிருந்தன, எந்த ஆண்டுக் காசு எத்தனை என்ற பதிவு இல்லாமலே. அச்சடித்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ‘இது சாதாரணம், தள்ளிவிடலாம்’ என்று முடிவெடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். விலையைத் தீர்மானிப்பது அச்சடித்தது அல்ல, பிழைத்தது.

அடுத்தது நிலை, அதாவது காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பது. 1949-ல் நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புச் சென்ட்களுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோல்தான் இன்று உலகெங்கும் கிரேடிங்கில், அதாவது நிலைக்கு எண் தருவதில், புழங்குகிறது. 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழங்காத காசு. அந்த உயரத்தில் ஒரு புள்ளி கூடினாலே விலை மடங்குகளில் ஏறக்கூடும். கீழே 12-க்கும் 15-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் காசைக் கிரேடிங்குக்கு அனுப்புவதா என்ற கேள்விக்கு விடை எளிது. கட்டணம், காப்பீடு, தபால் செலவு மூன்றும் சேர்ந்த தொகை, ஒரு கிரேடு ஏறினால் கூடும் விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். போலி அதிகம் நடமாடும் காசுக்கு மட்டும் இது விதிவிலக்கு, அங்கே சான்றிதழ் இல்லாமல் வாங்க ஆள் வர மாட்டார்.

விற்கப் போகிறோம் என்றதும் பளபளப்பாக்கும் ஆசை வரும். அதற்கு இணையான கேடு இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை. அச்சு உலோகத்தை அழுத்தும்போது அது மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டக் கோடுகள்தான் விளக்கொளியில் சக்கரமாகச் சுழலும் மினுமினுப்பைத் தருகின்றன. சமையல் சோடா, பற்பசை, எலுமிச்சை எதுவானாலும் அந்தக் கோடுகளைத் தேய்த்தோ அரித்தோ எடுத்துவிடும். பிறகு மிஞ்சுவது ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்திருக்கும் யாரும் அதை நொடியில் பிடித்துவிடுவார். கிரேடிங் நிறுவனமும் எண் தராமல் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதித் திருப்பி அனுப்பும். கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு கை துணியால் காசைத் துடைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை.

வைத்திருப்பதும் சும்மா நடப்பதல்ல. சேகரிப்பைக் கெடுப்பதில் பி.வி.சி. உறைகளுக்குப் பங்கு பெரிது. மென்மையான, புது பிளாஸ்டிக் வாசனை வீசும் உறையிலிருந்து நெகிழ்வூட்டியும் அமிலமும் கசிந்து காசின்மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். ஆரம்பத்தில் கண்டால், கலப்பில்லாத அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து, தானாக உலர விடலாம். தீயிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் செய்ய வேண்டும். நகப்பூச்சு நீக்கி என்று விற்பது உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பச்சைக்குக் கீழே உலோகம் குழிந்துவிட்டிருந்தால் திருத்தமில்லை. மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை பாதுகாப்பானது. வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம். அது ரப்பர் பேண்டிலும் கம்பளித் துணியிலும் மலிவான அட்டையிலும் இருக்கிறது. செம்பு, வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரம் இருக்கும்வரை நிற்காது. அந்தக் காசைத் தனியே பிரித்து சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய நேரமோ பொறுமையோ இல்லாதவர், செம்புக் காசுகளையாவது முதலில் விற்றுவிடுவது நல்லது. தங்கம் காத்திருக்கும், செம்பு காத்திருக்காது.

நல்ல சேகரிப்பாளர்கள் விற்பதற்கு உலோக விலை பெரும்பாலும் காரணமே இல்லை. மேலான நிலையில் ஒன்று கிடைத்ததும் பழைய டூப்ளிகேட்டை விடுவார்கள், அல்லது பத்து நாட்டுக் காசிலிருந்து ஒரே அரசு, ஒரே நாணயச்சாலை என்று வட்டத்தைச் சுருக்குவார்கள். வரிசையை முழுமையாக்கினால் கூடுதல் விலை வரும் என்ற நம்பிக்கைதான் அடிக்கடி ஏமாற்றுகிறது. வாங்குபவரிடம் சாதாரண ஆண்டுகள் ஏற்கெனவே இருக்கும், அவருக்கு வேண்டியது இரண்டு மூன்று அரிய ஆண்டுகள். அவற்றைத் தனித்தனியாகவும் மீதியை மொத்தமாகவும் விற்பதே முறை. வருகிறவர் பாலாடையை எடுப்பதுபோல் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு போக விட்டால், மிச்சத்தை யாரும் தொட மாட்டார். எனவே விலை பேசும் முன்பே எது தனி, எது மொத்தம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏல விலையைப் படிக்கவும் பழக வேண்டும். செய்திகளில் வரும் தொகையில் பெரும்பாலும் வாங்குபவர் கட்டணமும் சேர்ந்திருக்கும். சுத்தியல் 100-ல் விழுந்து, அதாவது ஏலம் அந்தத் தொகையில் முடிந்து, வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம், விற்பவர் கமிஷன் 10 சதவீதம் என்றால், செய்தியில் 120 வரும், கைக்கு 90 வரும். டீலர் கணக்கும் அப்படித்தான். 100-க்கு வாங்கிய காசை மறுநாள் 70-க்குத்தான் எடுத்துக்கொள்வார் என்றால், முதலே திரும்ப, சந்தை 43 சதவீதம் ஏற வேண்டும். அதனால் குறுகிய காலத்துக்கு வாங்கி விற்பது சேகரிப்பாளருக்கு ஒத்துவராத வேலை என்பது என் கருத்து. அவசரமும் அப்படியே, விலையைக் குறைத்துவிடும். எகிப்து மன்னர் ஃபாரூக்கின் சேகரிப்பை 1954-ல் கெய்ரோவில் ஏலம் விட்டபோது, அரியவற்றையும் சாதாரணமானவற்றையும் கலந்து பெரிய பெரிய லாட்டுகளாகக் கட்டிவிட்டார்கள். விஷயம் தெரிந்து வந்தவர்கள் மலிவாக அள்ளிப் போனார்கள்.

பழங்காலக் காசு வைத்திருப்பவருக்கு விற்பதா வைப்பதா என்பதற்கு முன்னால் ஆவணக் கேள்வி வரும். எங்கிருந்து, எப்போது வந்தது என்பதற்குத் தாள் இல்லாவிட்டால் பெரிய ஏல நிறுவனங்கள் தயங்கும். பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் 1970-ன் யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முந்தைய ரசீதோ பழைய ஏலப் பட்டியலோ இருந்தால் அதுவே காசின் விலையைக் கூட்டும். அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிட்டுக் காசை மட்டும் பத்திரப்படுத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வாரிசுக்கு விடுவதாக இருந்தால் காசோடு பட்டியலையும் விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாடு, மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எடை, விட்டம், வாங்கிய தேதி, விலை, இரு பக்கப் படம் ஆகியவை அதில் இருக்கட்டும். பட்டியலின் ஒரு படி காசு இருக்கும் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தே தொலைந்தால் காப்பீடு கேட்கவும் வழியிருக்காது. பட்டியலின் முதல் பக்கத்தில், துடைக்காதே, உறையிலிருந்து எடுக்காதே, இரண்டு பேரிடமாவது விலை கேட்காமல் கொடுக்காதே என்று எழுதி வைக்கலாம். யாருக்கும் ஆர்வமில்லை என்று தெரிந்தால், விவரம் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே விற்றுவிடுவது மேல்.

இப்படிக்கு,
ஒரு நாணய சேகரிப்பாளர்