ஒரே பெட்டியில் இரண்டு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப்போர்க் கட்டுரையின் ஓரத்தில் உயிரிழப்புப் பட்டியல் ஒன்றைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். சோவியத் யூனியன் 2.7 கோடி, இந்தியா 87 ஆயிரம். முதல் எண்ணில் ஜெர்மானியர் முற்றுகையிட்ட லெனின்கிராடு நகரில் பட்டினியில் செத்த கிழவிகள் வரை அடக்கம். இரண்டாவதில் சீருடை அணிந்தவர்கள் மட்டும். ராணுவத்தினரை மட்டுமே எண்ணுவதென்றால் சோவியத்துக்கு ஏறத்தாழ 87 லட்சம் என்றல்லவா போட்டிருக்க வேண்டும்? தாங்கள் அறியாததல்ல. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

அந்த 2.7 கோடியும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1946-இல் சோவியத் தலைவர் ஸ்டாலின் சொன்னது 70 லட்சம். குருசேவ் காலத்தில் அது இரண்டு கோடியானது. 1990-இல் கோர்பசேவ் ஏறத்தாழ 2.7 கோடி என்று ஒப்புக்கொண்டார். மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். நமக்கோ 1941, 1951 கணக்கெடுப்புகளுக்கு நடுவில் பிரிவினை வந்து நின்றுகொண்டது. அப்படிக் கழித்துப் பார்ப்பதும் எளிதல்ல. அதற்காக, எண்ணாதவர்கள் எல்லாம் சாகாதவர்கள் ஆகிவிடுவார்களா?

87 ஆயிரம் என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கணக்கு. பிரிட்டிஷ் கொடியின் கீழ் செத்தவர்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இம்பால் காடுகளில் பசியிலும் மலேரியாவிலும் மடிந்தவர்களுக்கு அதில் இடமில்லை. ஜனவரி 23 வந்தால் நேதாஜி படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள். அவர் பின்னால் போனவர்களை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

வங்காளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. ஜப்பான்காரன் கைக்குப் போய்விடக் கூடாதென்று வங்காளக் கடலோர மாவட்டங்களில் அரசே படகுகளைப் பறிமுதல் செய்தது. அடுத்த ஆண்டு பஞ்சம். அரசின் விசாரணைக் குழு 15 லட்சம் சாவு என்றது. பின்வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை போகிறார்கள். அது போர்ச்சாவா என்று வாதிடலாம்தான். லெனின்கிராடுக்கு அந்த வாதம் தங்களுக்குத் தோன்றவில்லையே!

என் பாட்டியின் அண்ணன் மலாயாவின் பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குத் தண்டவாளம் போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை அது. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்த தகடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆசியக் கூலிகளில் இறந்தவர்களை எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து மலாயாத் தோட்டத்தில் உழைத்து சயாம் காட்டில் காலராவில் போனவர் யார் கணக்கு? தங்கள் பட்டியலில் மலாயா என்ற வரியே இல்லை.

பூர்விக நிலத்தின் பட்டாவை மாற்றப் போன இடத்தில் பாட்டியின் அண்ணனுடைய இறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். ஏழாண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்று அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவைக் காட்டினேன். "அவர் உயிரோடு இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அலுவலர். இருந்திருந்தால் அவருக்கு நூறு தாண்டியிருக்கும் ஐயா. அலுவலகத்தில் அவர் சாகவில்லை, தங்கள் பத்திரிகையிலும் சாகவில்லை.

2020-இல், போர் முடிந்த எழுபத்தைந்தாம் ஆண்டுச் சிறப்பிதழில், பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பிய டன்கர்க்குக்கு இரண்டு பக்கம் கொடுத்தீர்கள். ஜப்பான் படையெடுப்புக்குத் தப்பி பர்மாவிலிருந்து குழந்தை குட்டிகளோடு மலையேறி நடந்துவந்து வழியில் செத்தவர்களுக்கு ஒரு வரி இல்லை. அப்போதும் எழுதினேன். மரியாதைக்காகப் பாராட்டி எழுதிய முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். நன்றி.

அடுத்த ஞாயிறு, 87 ஆயிரத்துக்குப் பக்கத்தில் "ராணுவத்தினர் மட்டும்" என்று இரண்டு சொல் சேர்த்துத் திருத்தம் போடுங்கள். பொடி எழுத்தானாலும் போதும். இடம் இல்லையென்றால் ராசிபலனில் துலாமை எடுத்துவிடுங்கள். அது என் ராசிதான், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மன்னார்குடி